விளக்கு கூட்டிய வீடு

அன்று மாலை மிராண்டா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்குப் பெரியவர் ரெமிஜியுஸ் மிராண்டா; அவர் மகன் இக்னேசியுஸ்; மருமகள் ஜெசிந்தா; அவர்கள் பெற்ற ஒரே மகள் அனெத்; கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து கல்யாண வேலைக்காக வந்திருந்த பெரியவரின் கடைசி மகள் ரெஜினா; சம்பந்தியாகப் போகிற கஸ்பார் ரொட்ரிகோ; அவர் மகன் லம்பெர்ட். இவர்களோடு, கூடத்தின் நடுவில் ஆளுயரக் கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த கடல்தாமரையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பார் பெரியவர். அந்த வீட்டில் அதற்குப் பூ என்று பெயர். செடியல்ல, உயிர்ப்பிராணிதான். ஆனாலும் பூ.

தூத்துக்குடிக் கடலின் அடியில் பவளப் பார்கள் உயிரோடு இருந்ததை இப்போது கண்ணால் கண்டவர்கள் குறைவு. கடல் சூடேறி, பார்கள் சுண்ணாம்பு போல வெளுத்த வருஷத்தில், ரெமிஜியுஸின் தகப்பனார் மூச்சடக்கி முங்கி, நிறம் மாறாமல் மிஞ்சியிருந்த ஒரு கடல்தாமரையைக் கல்லோடு பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்காரர்கள் அதன் உடம்புக்குள் சூடு தாங்கும் புதுப் பாசி ஒன்றை ஏற்றிக் கொடுத்தார்கள். கடலில் அதன் இனம் அற்றுப்போனது. வீட்டுத் தொட்டியில் பிழைத்தது. கடல் ஆறுகிற நாளில் இதைத் திருப்பி விடுவோம் என்று தகப்பனார் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டார்.

பூ சில சமயம் தானாகவே இரண்டாகப் பிரியும். பிரிந்த பாதி இன்னொரு முழுப் பூவாகும். முதல் தடவை பிரிந்தபோது வீட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதனால் ஒரு பாதி அந்தப் பெண்ணோடு புகுந்த வீட்டுக்குப் போனது. அதுவே வழக்கமாயிற்று. மிராண்டா வீட்டில் பெண் எடுப்பவர்கள் எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்டதில்லை. பூ வருமா என்று மட்டும் கேட்டார்கள். ஏழு வீடுகளுக்குப் போயிருக்கிறது. இப்போது ரொட்ரிகோ வீடு எட்டாவது.

ஆனால் பூ நம் சௌகரியத்துக்குப் பிரியாது. அதற்காக ஏற்பட்டது விளக்கு கூட்டுதல். கல்யாணம் நிச்சயமானதும் தினமும் மாலையில் ஜெபமாலை சொல்லி முடித்து, தொட்டிக்கு மேலே இருக்கும் நீல விளக்கு வரிசையில் இன்னொரு விளக்கை ஏற்றுவார்கள். வெளிச்சம் ஏறஏறப் பூ விரியும், பூரிக்கும், பிறகு ஒருநாள் அதன் அடிப்பாகம் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிரிந்துவிடும். சந்தோஷம் தாங்காமல் பிரிகிறது என்பார்கள்.

அன்று ஜெபமாலை முடிந்தது. பெரியவர் எழுந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, புது விளக்கை ஏற்றினார். கூடம் முழுக்க நீலம் பாய்ந்தது. எல்லாருடைய பல்லும் வெள்ளைச் சட்டையும் பேய் போல ஒளிர்ந்தன.

கஸ்பார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்குப் பருத்த உடம்பு. “அண்ணாச்சி, ஒரு விசிறியாவது போடக் கூடாதா? வெந்து போயிடுவோம் போலிருக்கே.”

“வீட்டுக்கு அளந்து விடுற கரண்டு விளக்குக்குத்தான் பத்தும்” என்றார் ரெமிஜியுஸ். “இந்த நாள்ல எங்க வீட்டில யாரும் விசிறி கேக்கிறதில்ல.”

“அது சரி, அது சரி” என்று கஸ்பார் தொட்டிக்கு அருகே குனிந்தார். “நுனியெல்லாம் வெளுப்பா இருக்கே?”

“வெளிச்சம் பட்டு மின்னுது.”

“ஆமா, மின்னத்தான் செய்யுது. லம்பெர்ட்டு, பாத்தியாலே, உன் சீதனத்தை.”

லம்பெர்ட் பூவைப் பார்க்கவில்லை, அனெத்தைப் பார்த்தான். அனெத் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ரெஜினா ஏனோ தரையைப் பார்த்தபடி நின்றாள்.

சம்பந்தி வீட்டார் புறப்பட்டுப் போனதும் ஜெசிந்தா மாமனார் முன்னால் வந்தாள். அவள் கல்லூரியில் கடலுயிர்ப் பாடம் நடத்துகிறவள். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து பூவுக்குத் தண்ணீர் மாற்றுவதும் அவள்தான்.

“மாமா, விளக்கை இறக்கணும்.”

“எதுக்கு?”

“அது நேரா வெளிச்சத்தைத் திங்கிற உயிர் இல்ல. உடம்புக்குள்ள இருக்கிற பாசிதான் வெளிச்சத்தை வாங்கி அதுக்குச் சோறு பொங்கிப் போடுது. வெளிச்சம் அளவா இருந்தா சோறு. அளவு மீறினா அதே பாசி விஷத்தைக் கக்கும். அப்ப இது என்ன செய்யும்? தனக்குச் சோறு போட்டதையே வெளிய தள்ளிடும். கஸ்பார் மாமா பாத்த வெளுப்பு அதுதான். மின்னல் ஒண்ணும் இல்ல.”

“ஏன் பிரியுது அப்ப? பட்டினி கிடக்கிறது எங்கயாவது பெருகுமா? தழைக்கிற வீட்டிலதான் பிரியும்.”

“தழைக்கல மாமா” என்றாள் ஜெசிந்தா. “சாகப் போறோம்னு தெரிஞ்சு, ரெண்டுல ஒண்ணாவது நிழலைப் பாத்துப் போய்ப் பொழைக்கட்டும்னு தன்னையே கிழிச்சுக்குது. நாம அதுக்கு வெடி போட்டுக் கொண்டாடுதோம்.”

“ஜெசி, விடு” என்றான் இக்னேசியுஸ். அவன் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வார்த்தைகள் அவை.

“விட மாட்டேன். இன்னொண்ணும் இருக்கு. நம்ம பூவையும், இதுக்கு முந்தி பிரிஞ்சதிலருந்து நான் காலேஜ்ல வச்சிருக்கிற துண்டையும் அளந்து பாத்திருக்கேன். இது தாய், அது பிள்ளைன்னு கிடையாது மாமா, ஒரே உடம்பு. கிழிஞ்சாலும், பட்ட பாடு ரெண்டு பாதிக்கும் மறக்கல. ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடக் கம்மி வெளிச்சத்துக்கே மிரண்டுபோய்ப் பாசியைத் தள்ளுது. இன்னும் ஒண்ணு ரெண்டு கல்யாணம் ஆச்சுன்னா இதுக்கு வெயிலே ஆகாது. கடல் ஆறினாலும் அங்க கொண்டு விட முடியாது. சூரியனைக் கண்டே செத்துப்போவும். தாத்தா நேர்ந்துக்கிட்டதை நாமளே கெடுத்துக்கிட்டு இருக்கோம்.”

ரெமிஜியுஸுக்கு அவள் சொன்னது புரியாமல் இல்லை. முழுக்கப் புரிந்தது, அதுதான் சங்கடம். அது உண்மையென்றால், அவர் தம் கையால் ஏற்றிய ஒவ்வொரு விளக்கும் என்னவாகிறது? தங்கைகளுக்கும் மகள்களுக்கும் அவர் கொடுத்தனுப்பிய பெருமை என்னவாகிறது? உண்மையாக இருக்கக் கூடாத ஒன்று உண்மையாக இருக்க முடியாது என்பது அவர் வளர்ந்த முறை. அப்படித்தான் அவரை வளர்த்தார்கள். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

“இந்தப் பேச்சு இந்தக் கூடத்தோட நிக்கட்டும்” என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார்.

தண்ணீர் குடிக்க அடுக்களைப் பக்கம் போனவர், உள்ளே ஜெசிந்தாவிடம் பேசுகிற ரெஜினாவின் குரல் கேட்டு நடையிலேயே நின்றார்.

“மைனி, ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கக் கூடாது.”

“சொல்லு.”

“எங்க வீட்டுத் தொட்டில இருக்கிறது ரப்பர்.”

“என்னது?”

“ரப்பர் பூ. சிங்கப்பூர்லருந்து வரவழைச்சேன். தொட்டில மோட்டார் ஓடுதுல்லா, தண்ணி ஓட்டத்துக்கு நிசப் பூவை விட நல்லா ஆடும். எங்க மாமியா தினம் படுக்கும்போது அதுக்கு ஒரு சிலுவைக் குருசு போட்டுட்டுத்தான் படுப்பா.”

இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு எங்கே அழுகையானது என்று பெரியவருக்குத் தெரியவில்லை.

“நிசப் பூ என்ன ஆச்சு ரெஜினா?”

“நான் கட்டிப் போன ஒரு வருசத்துக்குள்ளயே கரைஞ்சு போச்சு மைனி. என் கை ராசிம்பாவ, மலடிம்பாவ. யார் கிட்டச் சொல்ல? அக்காமாரு வீட்டிலயும் போய்ப் பாரு. தொட்டிக்குத் திரை போட்டு வச்சிருப்பாளுவ. கேட்டா, பூ தூங்குதும்பாளுவ.”

பெரியவர் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார்.

பூ பிரியவில்லை. விளக்குகள் எல்லாம் ஏறின. பழைய கல்யாணங்களில் இத்தனை விளக்கு தேவைப்பட்டதே இல்லை. பிரிவதற்குப் பதிலாகப் பூ நடக்க ஆரம்பித்தது. கடல்தாமரைக்கு அடிப்பாகத்தால் நத்தை போல ஊரத் தெரியும். தான் இருந்த உச்சிக் கல்லை விட்டு இறங்கி, தொட்டியின் பின்பக்கம் போய், கல் இடுக்கின் நிழலில் ஒடுங்கிக்கொண்டது. முன்வாசல் வழியாக வருகிறவர்களுக்கு வெறும் கல் மட்டும் தெரிந்தது.

பெரியவர் அந்தக் கல்லை எடுத்துவிட்டார். அது மோட்டார்ப் பெட்டிக்கு அடியில் போய்ப் புகுந்தது. பெட்டியை இடம் மாற்றினார். அது கண்ணாடி மூலையில் தன் கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, கசங்கிய கையுறை போல ஒட்டிக்கிடந்தது. ஒளிய இடம் இல்லாத ஒன்று எப்படி ஒளியுமோ அப்படி.

“அதுக்கு வேண்டாமாம் தாத்தா” என்றாள் அனெத், பக்கத்தில் வந்து நின்று. “பூ இல்லாமலே நான் போறேனே. லம்பெர்ட்டுக்கு ஒண்ணும் இல்ல. அவன் கேக்கவே இல்ல.”

“அவன் கேக்க மாட்டான். அவன் அப்பன் கேப்பான், அப்பன் கேக்காட்டா ஊர் கேக்கும். மிராண்டா வீட்டுப் பொண்ணு வெறுங்கையோட போனான்னு உன் பேருக்கு முன்னால ஒட்டிக்கும். உனக்கு அது இப்பத் தெரியாது மக்கா.”

அவர் பொய் சொல்லவில்லை. பேத்தியின் மேல் அவருக்கு உயிர். அந்த உயிர்தான் எல்லாவற்றையும் செய்யவைத்தது என்பதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும்.

கோயிலில் மூன்றாவது ஓலை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை. அனெத்தின் பேரும் லம்பெர்ட்டின் பேரும் கடைசி முறையாகப் பீடத்திலிருந்து வாசிக்கப்படும். அதற்கு மேல் தடை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. மொத்த வீடும் கிளம்பியது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிப் பெரியவர் மட்டும் தங்கினார். ஓலை வாசிக்கும்போது மிராண்டா வீட்டுப் பெரியவர் கோயிலில் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

சவரப் பிளேடு ஒன்றைப் பிரித்தார். சட்டையைத் தோள்வரை மடித்துவிட்டு, கையைத் தண்ணீருக்குள் விட்டார். விளக்குகளின் சூட்டில் அவர் பிடரி எரிந்தது. பூவைக் கண்ணாடியிலிருந்து நெம்பி எடுத்து, பலகைமேல் வைத்து, வாயின் நடுவாகப் பிடித்து ஒரே இழுப்பாக அறுத்தார். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை கையை எடுத்திருப்பார். இரண்டு துண்டும் சுருண்டு, கோழை போல எதையோ கக்கின. அவற்றைத் தொட்டியில் இரண்டு கற்களின் மேல் அருகருகே வைத்தார். பலகையைக் கழுவினார். பிளேடைக் காகிதத்தில் மடித்துத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். முழங்கால் வலிக்கவில்லை.

பூசை முடிந்து வந்தவர்களிடம், “பிரிஞ்சிட்டு” என்றார்.

இக்னேசியுஸ் சின்னப் பிள்ளை மாதிரி தெருவுக்கு ஓடி வெடி கொளுத்தினான். அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ரெஜினா தகப்பனாரின் கையை எடுத்து முத்தமிட்டாள், அவர் முகத்தைப் பார்க்காமல். ஜெசிந்தா கண்ணாடிக்கு அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தானாகப் பிரிந்தது கிழிந்த துணி போல ஓரம் பிசிறி இருக்கும். இது அடிக்கோல் வைத்துக் கோடு போட்டது போல இருந்தது.

அவள் நிமிர்ந்தபோது மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிளேடு எங்க மாமா?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

“என்ன பிளேடு?”

வாசலில் அனெத், தோழிகள் நடுவில் நின்று, வெடிப் புகைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். ஜெசிந்தா மகளைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அன்று அவள் பேசாததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அவள் தாய்.

கல்யாண ஊர்வலத்தில் மணமக்கள் வண்டிக்கு முன்னால், கண்ணாடிக் குடத்தில் பூ போயிற்று. போகும்போது ஜெசிந்தா மகளை அணைத்துக்கொண்டு காதில் எல்லாவற்றையும் சொன்னாள். “அதுக்குக் காயம். யார் கிட்டயும் சொல்லாத. கறுப்புத் துணி வச்சிருக்கேன், தொட்டியை மூடு. ஒரு விளக்கு மட்டும் போதும், அதையும் தூக்கி வை. பாசியோட பழுப்பு நிறம் திரும்பி வர்ற வரைக்கும் வெளிச்சத்தைக் காட்டாத.”

அனெத் சொன்னபடி செய்தாள். அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

ரொட்ரிகோ வீட்டிலிருந்து ஆள் வந்து, பெரியவரும் மகனும் மருமகளும் வர வேண்டும் என்றார். ரெஜினாவும் கூடப் போனாள். அந்த வீட்டுக் கூடத்தில் உறவுக்காரர்கள் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியில் விளக்கெல்லாம் எரிந்தது. கல்லின் மேல் பூ இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வழும்பு மட்டும் நீரோட்டத்தில் நூலாக இழுபட்டுக்கொண்டிருந்தது. அனெத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கஸ்பார் கத்தவில்லை. அவர் நல்ல மனுஷர்தான். “அண்ணாச்சி, குத்தம் சொல்லக் கூப்பிடல. ஒரு விளக்கம் கேக்கத்தான். உங்க பேத்தி வந்த அன்னையிலருந்து தொட்டி மேல கறுப்புத் துணி. நான் எடுப்பேன், அவ போடுவா. நான் எடுப்பேன், அவ போடுவா. கல்யாணத்துக்கு வர முடியாத சொந்தமெல்லாம் பூவைப் பாக்க வந்து, துணியைப் பாத்துட்டுக் காப்பியைக் குடிச்சிட்டுப் போச்சு. வெளிச்சத்துல வாழுற உயிரை இருட்டுல போட்டா சாகாதா? எழவு வீட்டுத் துணியை ஏன் போட்டான்னு வீட்டுப் பொம்பளைக கேக்குறாவ. என்னால பதில் சொல்ல முடியல.”

“மாமா, காயம் ஆறணும்னா வெளிச்சம் குறைவாத்தான் இருக்கணும்” என்றாள் அனெத்.

“காயமா? தானாப் பிரிஞ்சதுக்கு எங்கருந்தும்மா காயம் வரும்?”

அனெத் தாத்தாவைப் பார்த்தாள்.

“அப்பா, ஒரு பூதானே. விடுங்க” என்றான் லம்பெர்ட்.

“பூதானேயா? பூதானேன்னா நீ எந்தத் தெருவிலயும் பொண்ணு எடுத்திருக்கலாம்லே” என்று கஸ்பாரின் அண்ணன் முறைக்காரர் ஒருவர் நாற்காலியிலிருந்து சொன்னார்.

கஸ்பார் பெரியவர் பக்கம் திரும்பினார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது அண்ணாச்சி. தானாப் பிரிஞ்சதுதானே?”

கூடம் அவர் வாயைப் பார்த்தது. நான்தான் அறுத்தேன் என்று சொல்லிவிடலாம். பேத்தி தலைநிமிர்ந்து நிற்பாள். ஆனால் ஏன் அறுத்தீர் என்று அடுத்த கேள்வி வரும். பிரியவில்லை, அதனால் அறுத்தேன். ஏன் பிரியவில்லை? அதற்குப் பதில் சொன்னால், இதுவரை பிரிந்ததெல்லாம் எப்படிப் பிரிந்தது என்று சொல்ல வேண்டி வரும். பிறகு ஏழு வீட்டுத் தொட்டிகளின் திரைகளும் விலகும். ரெஜினாவின் மாமியார், குருசு போட்ட ரப்பரைத் தொட்டுப் பார்ப்பாள். தகப்பனாரின் நேர்ச்சையை மகன் கெடுத்தான் என்று கோயில் வாசலில் பேசுவார்கள். ஒரு பெண்ணா, ஏழு வீடா என்று அவர் கணக்குப் போட்டார். கணக்குச் சரியாகத்தான் வந்தது. இந்த மாதிரிக் கணக்குகள் எப்போதும் சரியாகத்தான் வரும்.

“தானாப் பிரிஞ்சது” என்றார்.

“தொட்டியைத் துணி போட்டு மூடுறது உங்க வழக்கமா?”

“எங்க வீட்டில விளக்கை மூடுற வழக்கம் கிடையாது.”

“தாத்தா, என்னையப் பாத்துச் சொல்லுங்க” என்றாள் அனெத்.

அவர் தொட்டியைப் பார்த்தார்.

“நான் சொல்லுதேன்” என்று ஜெசிந்தா எழுந்தாள். ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னாள், நேர்கோடாக இருந்த வெட்டைச் சொன்னாள், பாசியைச் சொன்னாள், வெளிச்சத்தைச் சொன்னாள், துணி கொடுத்தது தான்தான் என்பதைச் சொன்னாள். “என் மக அதைக் கொல்லல. அது ரெண்டு நாள் கூடுதலா உசுரோட இருந்துச்சுன்னா அது அவ போட்ட துணியாலதான். நீங்க ஒவ்வொரு தடவை துணியை எடுத்தப்பவும் அதைக் கொன்னீங்க. எங்க மாமனார் அதுக்கு முந்தியே கொன்னுட்டாரு.”

சுவரோரம் முணுமுணுப்பு எழுந்தது. ரெஜினா வாயைத் திறந்தாள். நாற்காலி வரிசையில் தன் மாமியாரின் தங்கை உட்கார்ந்திருப்பதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

“மருமக சொல்லுறது நிசமா அண்ணாச்சி?” என்றார் கஸ்பார். அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடு, எல்லாரும் வீட்டுக்குப் போவோம் என்பது போல.

பெரியவர் ஊன்றுகோலை நேராக நிறுத்தினார். “மகளைக் காப்பாத்தணும்னா தாய் எதையும் சொல்லுவா. அதைக் குத்தமா எடுத்துக்காதீங்க கஸ்பாரு.”

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார். ஜெசிந்தா சொன்ன அத்தனையும் அந்த மரியாதையில் பொய்யாகிவிட்டது.

அனெத் அழவில்லை. உள்ளே போய், கறுப்புத் துணியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். வேறு எதையும் எடுக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், தகப்பனார் வண்டிக் கதவைத் திறந்தபோது, “அந்த வீட்டுக்கு வர மாட்டேன்பா” என்றாள். இக்னேசியுஸ் கதவைப் பிடித்தபடியே நின்றான். யாரிடம் விடு என்று சொல்வது என்று அன்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் இராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே விடுதியில் தங்கினாள். லம்பெர்ட் ஒரு தடவை போய்ப் பார்த்தான். பூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வா என்றும் சொல்லவில்லை. ஊரில் அவளுக்குப் பேர் மூடிக் கொன்றவள். பெண் பார்க்கப் போகிற இடங்களில் அவள் கதையைச் சொல்லித்தான் மற்றப் பெண்களுக்குப் புத்தி சொன்னார்கள். புகுந்த வீட்டில் விளக்கை மூடாதே, அனெத் மாதிரி.

ஜெசிந்தா மட்டும் மிராண்டா வீட்டில் தங்கினாள். மீதிப் பாதி அங்கே இருந்ததே காரணம். மாமனாருக்குச் சோறு வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தானாக ஒரு பேச்சும் தொடங்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் பெரியவருக்குப் பார்வை மங்கியது. முதலில் நடுவில் ஒரு கறை, பிறகு ஓரங்களிலும் மூட்டம். மதுரையில் கண் மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஐயா வெல்டிங் வேலை பாத்தீங்களா?” என்று கேட்டார். ரெமிஜியுஸ் மிராண்டா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “நாங்க கடல்காரங்க” என்றார். இக்னேசியுஸ்தான் நீல விளக்கைப் பற்றிச் சொன்னான். வெறுங்கண்ணோடு இத்தனை வருஷம் அதைப் பார்த்திருக்கக் கூடாது, போன பார்வை வராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

இப்போது அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கூடம் மங்கலாக இருப்பதைக் காண்பார்கள். ஒற்றை விளக்கு, அதுவும் உயரத்தில். கீழே பூ தேன்பாகு நிறத்தில், நீண்ட கைகளோடு, உச்சிக் கல்லின் மேல் அசையாமல் அமர்ந்திருக்கிறது. பிரியவில்லை. பட்டதை அது மறக்க எத்தனை வருஷம் ஆகும், மறந்து வெயிலில் நிற்குமா என்பது ஜெசிந்தாவுக்கும் தெரியாது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருப்பார். விசிறி ஓடும்.

பார்த்துவிட்டு வருகிறவர்கள் வெளியே ஒரு கதை சொல்கிறார்கள். பெரியவர் மனம் திருந்தி ரொட்ரிகோ வீட்டுக்குத் தனியாகப் போனாராம். எல்லாருக்கும் முன்னால் நான்தான் அறுத்தேன் என்று சொல்லிப் பேத்தியின் பேரைக் கழுவினாராம். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாகத் தம் கையாலேயே விளக்குகளை இறக்கினாராம். அதனால்தான் பூ பிழைத்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. குடும்பத்துக்கும் கௌரவமான கதைதான்.

அது உண்மையில்லை. அவர் எங்கும் போகவில்லை, யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்குகளை இறக்கியவள் ஜெசிந்தா, மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள். மாலையானால் அவர் இன்னும் கேட்கிறார், விளக்கெல்லாம் எரியுதா என்று. எரியுது மாமா என்று அவள் சொல்கிறாள். இறக்கியது அவருக்குத் தெரியாது.